சும்மாவுக்குக் கட்டமில்லை

உப்புமா வந்தும் சென்னியப்பன் ஒன்றும் சொல்லவில்லை. அதில்தான் சுகன்யாவுக்கு முதல் சந்தேகம் வந்தது.

பொள்ளாச்சிக்கு வெளியே தென்னந்தோப்புக்கு நடுவில் இருக்கும் அந்த முதியோர் மருத்துவ இல்லத்தில் செவ்வாயும் வியாழனும் காலைப் பலகாரம் உப்புமா. முப்பத்திரண்டு கட்டில்காரர்களும் அதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள்தான். ஆனால் ஏழாம் கட்டில் சென்னியப்பன் அதை ஒரு சடங்காகவே நடத்திவந்தார். முப்பத்தோரு வருஷம் பொள்ளாச்சி–வால்பாறை பஸ்ஸில் கண்டக்டராக இருந்த மனுஷன். தட்டு வந்ததும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உப்புமாவை ஒரு பார்வை பார்ப்பார். "அம்மிணி, நம்ம ஸ்டாப்பு வந்துருச்சு. இறக்கி உட்டுருங்க," என்பார். சில நாள், "என்ற டிக்கெட்டு எப்பவோ முடிஞ்சுபோச்சுங்க, போய்ச் சேந்தாப் போதும்," என்பார். அப்புறம் ஒரு பருக்கை விடாமல் தின்றுவிட்டு, ஊறுகாய் இன்னும் கொஞ்சம் இருக்குமா என்று கேட்பார்.

அன்றைக்குத் தட்டைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார். அவ்வளவுதான்.

சுகன்யா அந்த இல்லத்தின் மூத்த நர்ஸ். பதினோரு வருஷ அனுபவம். நெற்றியைத் தொட்டாள், கொதித்தது. விரலில் கிளிப்பை மாட்டினாள், ஆக்ஸிஜன் எண்பத்தேழு காட்டியது. நெஞ்சில் சளி கரகரத்தது. நிமோனியா. கோயமுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் ஊசியும் மாஸ்க்குமாக நாலைந்து நாளில் திரும்பி வந்துவிடலாம். இப்படி எத்தனையோ பேரை ஏற்றி அனுப்பி, திருப்பி இறக்கிக்கொண்டவள் அவள். அதனால் பயப்படவில்லை.

சுவரில் பதித்திருந்த சாம்பல் நிற வட்டைப் பார்த்து, "ஏழாம் கட்டில், கோயமுத்தூருக்கு மாத்தணும்," என்றாள். வட்டில் பச்சை விளக்கு ஒருமுறை மின்னியது. சென்னியப்பனின் ஏடு கிளம்பிவிட்டது. அவர் கிளம்ப இன்னும் அரைமணி ஆனது.

ஏடு என்பது நல ஏடு. மாநிலம் முழுக்க எல்லா மருத்துவ இல்லத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் பொதுவானது. அது வருவதற்கு முன்னால் நோயாளியோடு ஒரு மஞ்சள் பை போகும். அதில் சீட்டு, எக்ஸ்ரே, மாத்திரை அட்டை எல்லாம் திணித்திருக்கும். ஒருமுறை அந்தப் பையை ஆம்புலன்ஸிலேயே விட்டுவிட்டார்கள். பென்சிலின் ஆகாத ஓர் அம்மாளுக்கு ஆஸ்பத்திரியில் பென்சிலின் போட்டுவிட்டார்கள். பை மறுநாள் பத்திரமாக வந்து சேர்ந்தது, அந்த அம்மாள் வரவில்லை. அதைப் பார்த்தவள் என்பதால், ஏடு வந்தபோது முதலில் கைதட்டியவளே சுகன்யாதான். ஒவ்வோர் அறையிலும் வட்டு வைத்தார்கள். யார் என்ன சாப்பிட்டார், எப்போது இருமினார், என்ன சொன்னார் என்பதையெல்லாம் அது கேட்டுக் குறித்துக்கொள்ளும். கட்டில்காரர்கள் அதற்குக் 'காது' என்று பெயர் வைத்தார்கள். நல்ல பெயர்தான். காது மட்டும்தான் இருந்தது அதற்கு.

ஆம்புலன்ஸில் சென்னியப்பன் ஒருமுறை கண் திறந்தார்.

"எங்க வந்திருக்கறம் அம்மிணி?"

"கிணத்துக்கடவு தாண்டிட்டமுங்கய்யா."

"ஞாயித்துக்கெழமைக்குள்ள திரும்பிரலாமில்ல?"

"திரும்பிரலாமுங்க."

"சட்டைய ஆரும் மடிச்சு வெச்சறப் போறாங்கொ. இஸ்திரி கலைஞ்சுரும்."

ஞாயிற்றுக்கிழமை அவர் மகள் கிருத்திகா காரில் வந்து அவரை ஆழியார் வழியாக வால்பாறைக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருந்தாள். நாற்பது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு கதை இருந்தது. பத்து நாள் முன்னமே வெள்ளைச் சட்டையை இஸ்திரி போடச் சொல்லி, கட்டிலுக்கு மேலே ஹேங்கரில் தொங்கவிட்டுக்கொண்டு அதைப் பார்த்தபடியே படுத்திருந்தார். சாகப்போகிற ஆள் சட்டைக்கு இஸ்திரி போட மாட்டான். இது சுகன்யாவுக்குத் தெரிந்தது. அதைச் சொல்ல ஓர் இடம் மட்டும் இல்லாமல் போனது.

ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் அவரைத் தனி அறைக்குக் கொண்டுபோனார்கள். ஜன்னல், மெத்தென்ற நாற்காலி, மேஜைமேல் பூ. அவசரப் பிரிவில் யாருக்கும் பூ வைக்க மாட்டார்கள்.

டாக்டர் ஷர்மிளா வந்தாள். முப்பதைத் தாண்டியிராத பெண், நேற்றிலிருந்து தூங்காத கண்.

"டாக்டர், ஆக்ஸிஜன் எண்பத்தஞ்சுக்கு வந்துருச்சுங்க. அழுத்த மாஸ்க் எப்ப மாட்டுவீங்க? ஊசி இன்னும் ஆரம்பிக்கலையே."

"அவருக்கு ஆறுதல் சிகிச்சை மட்டும்தான் சிஸ்டர். சாதா ஆக்ஸிஜன், மூச்சுத் திணறல் தெரியாம இருக்க மருந்து. அவ்வளவுதான் திறந்திருக்கு."

"திறந்திருக்குன்னா?"

டாக்டர் தன் கைப்பலகையின் திரையைத் திருப்பிக் காட்டினாள். ஏட்டின் கடைசிப் பக்கம், விருப்பப் பக்கம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சட்டமாக வந்தது. சாக விரும்புகிறவரை மாசக்கணக்கில் குழாய் சொருகி வைத்திருக்கக் கூடாது, அவர் வாய்விட்டுச் சொன்னதை மதிக்க வேண்டும் என்று நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம். கையெழுத்து வேண்டியதில்லை. தொடர்ந்து சொல்லிவந்தாலே போதும்.

அந்தப் பக்கத்தில் இருந்தது: 'கடந்த இருபத்துநான்கு மாதங்களில் நோயாளி தம் வாழ்வை முடித்துக்கொள்ளும் விருப்பத்தை 212 முறை, தெளிவான மனநிலையில், தாமாகவே வெளிப்படுத்தியுள்ளார். உயிர்நீட்டிப்பு சிகிச்சை கூடாது.'

சுகன்யாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"டாக்டர், இவரு கண்டக்டருங்க. 'ஸ்டாப்பு வந்துருச்சு, இறக்கி உட்டுருங்க'ம்பாரு. அது சும்மா சொல்றதுங்க."

"இருநூத்துப் பன்னெண்டு தடவையா?"

"தேதியப் பாருங்க. தேதியும் நேரமும் பாருங்க."

டாக்டர் விரலால் தள்ளினாள். செவ்வாய், காலை எட்டேகால். வியாழன், எட்டு இருபது. செவ்வாய், எட்டேகால். வியாழன். செவ்வாய்.

"இது என்ன, வாரத்துல ரெண்டு நாள் மட்டும்?"

"அன்னைக்கு உப்புமாங்க டாக்டர்."

டாக்டரின் உதடு ஒருகணம் கோணியது. சிரித்துவிடுவாள் போலிருந்தது. பிறகு அந்த முகம் அப்படியே இறங்கிப்போனது. உப்புமாவுக்காக ஒரு மனுஷன் சாகப்போகிறான் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்பதும் கூடவே புரிந்திருக்க வேண்டும்.

"நீங்க உங்க ஹோமுக்குப் போன் பண்ணி ஏட்டத் திருத்தச் சொல்லுங்க சிஸ்டர்," என்றாள்.

சுகன்யா போன் செய்தாள். மேலாளர் இரண்டு நிமிஷத்தில் திரும்ப அழைத்தார். "அம்மா, அவரு ஏடு கைமாறிருச்சு. ஒம்பது அஞ்சுக்கே போயிருச்சு. இனி நம்மனால ஒரு எழுத்துக்கூட மாத்த முடியாது. ஆஸ்பத்திரிலதான் கேக்கோணும்."

டாக்டர் தலையை ஆட்டினாள். "எங்களால படிக்கத்தான் முடியும். சேத்ததுக்கு அப்புறம் நடக்கறதைத்தான் நாங்க எழுதலாம். முன்னாடி எழுதுனது நீங்க."

"அப்ப இப்ப இது ஆர் கையில இருக்குதுங்க?"

"யார் கையிலயும் இல்ல. திருத்த விண்ணப்பம் போடலாம். மூணு வேலை நாள் ஆகும்."

சுகன்யா கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். அவருக்கு மூன்று வேலை நாள் இல்லை. அது இரண்டு பேருக்கும் தெரியும். நின்றபடியே விண்ணப்பத்தைப் போட்டாள். 'காரணம்' என்ற இடத்தில் 'அவர் சும்மா சொன்னார்' என்று எழுதினாள்.

"ஊசி மருந்த நான் வெளிய கடையில வாங்கிட்டு வந்துறட்டுங்களா?"

"கடையும் ஏட்டப் பாத்துத்தான் குடுக்கும்."

"வேற ஆஸ்பத்திரி?"

"எங்க கூட்டிட்டுப் போனாலும் ஏடு உங்களுக்கு முன்னாடி போய் உக்காந்திருக்கும் சிஸ்டர். எங்க மருந்துப் பெட்டிகூட அவர் நம்பருக்குத் திறக்காது. நான் திறந்து பாத்துட்டேன். நீங்க வர்றதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்." அவள் கட்டில் பக்கம் பார்த்தாள். "ஒரே ஒரு வழி இருக்கு. அவர் நினைவோடதான் இருக்காரு. அவர் வாயாலயே மாத்திச் சொல்லலாம். ரத்த சொந்தம் ஒருத்தர் சாட்சி இருக்கணும். ஏடு ரெண்டு தடவை கேக்கும். பக்கத்துல இருக்கறவங்க வாயே திறக்கக் கூடாது."

"கண்டிப்பா சொல்லுவாருங்க. இப்பவே அவர்கிட்டச் சொல்லி வெச்சர்றேன், 'வேணும்'னு..."

டாக்டர் சட்டென்று அவள் கையைப் பிடித்து, கூரையைக் காட்டினாள். அங்கேயும் ஒரு சாம்பல் வட்டு இருந்தது. "சொல்லிக் குடுத்தா அதுவும் செல்லாது."

கிருத்திகா திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தாள். வந்து சேரப் பன்னிரண்டரை ஆகும் என்றாள். சுகன்யா வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அந்தப் பழைய விஷயம் ஞாபகம் வந்தது.

நாலு வருஷம் முன்னால், காதுகளை மாட்டிய புதிதில், ஹரீஷ் என்ற இன்ஜினியர் சென்னையிலிருந்து வந்திருந்தான். காது கேட்கிறது, ஆனால் இந்தப் பக்கத்துப் பேச்சு அதற்குப் புரியவில்லை. ஆகவே நர்சுகள் சொல்லிக்கொடுக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் தினம் ஒருமணி நேரம் சுகன்யா அவனோடு உட்கார்ந்தாள். திரையில் ஒரு வாக்கியம் வரும், கீழே நாலு கட்டம் வரும்: வலி, பசி, கோபம், சாவு விருப்பம். எது பொருந்துகிறதோ அதைத் தொட வேண்டும். இப்படி மூவாயிரத்துச் சொச்சம் வாக்கியம்.

'நம்ம ஸ்டாப்பு வந்துருச்சு, இறக்கி உட்டுருங்க' என்று ஒருநாள் வந்தது.

"இது என்னக்கா? பஸ்ல போறாரா?" என்று கேட்டான் ஹரீஷ்.

"இல்லப்பா. உயிரு போயிட்டாத் தேவலைங்கறாரு."

"அப்ப சாவு விருப்பம்."

"அய்யோ, அப்படி இல்ல. சும்மா சொல்றது. இதுல 'சும்மா'ன்னு ஒரு கட்டம் போடு தம்பி."

அவன் சிரித்தான். "சும்மான்னா? அர்த்தம் இல்லாம சொல்றதா?"

"அர்த்தம் இருக்குது. ஆனா சும்மா."

"விளையாட்டா?"

"விளையாட்டும் இல்ல."

"பொய்யா?"

"பொய் எப்படி ஆகும்? மனசுல இருக்கறதுதான். ஆனா..." அவள் கையை விரித்தாள். "சும்மா."

"அக்கா, மெஷினுக்கு இப்படிச் சொன்னா பாவம் அது. நாலுல எது பக்கமா வருதோ அதைத் தொடுங்க. பின்னாடி சரி பண்ணிக்கலாம்."

தொட்டாள். 'போய்ச் சேந்தாப் போதும்', தொட்டாள். 'டிக்கெட்டு முடிஞ்சுது', தொட்டாள். இன்னொன்று 'போலாம் ரைட்'. அந்த வாரம்தான் நாலாம் கட்டில்காரர் இறந்து, உடலை வெளியே எடுத்துக்கொண்டு போனபோது வாசலில் நின்ற சென்னியப்பன் மெல்ல, "போலாம் ரைட்," என்று சொல்லியிருந்தார். கேட்ட சுகன்யாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதனால் அதையும் யோசிக்காமல் அதே கட்டத்தில் தொட்டாள். அன்றைக்கு அது சரியாகவும் இருந்தது.

ஹரீஷ் போய்விட்டான். பின்னாடி யாரும் எதையும் சரி செய்யவில்லை.

அவள் எழுந்துபோய் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"எல்லா ஊர்லயும் யாரோ ஒரு சிஸ்டர் உக்காந்து தொட்டுத்தானே இருப்பாங்க," என்று மட்டும் சொன்னாள் டாக்டர்.

கிருத்திகா பன்னிரண்டு நாற்பதுக்கு ஓடிவந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை அப்படியே தொங்கியது. அப்பாவைப் பார்த்தாள், நெற்றியைத் தடவினாள். பிறகு சட்டப்படி சாட்சி முதலில் படித்தாக வேண்டும் என்று டாக்டர் அந்தப் பக்கத்தைக் கொடுத்தாள். சுகன்யா உப்புமாக் கதையைச் சொல்லிக்கொண்டே போனாள். கிருத்திகா கேட்டாளோ இல்லையோ தெரியவில்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். இருநூற்றுப் பன்னிரண்டையும் படித்தாள்.

"தேதியப் பாரு கண்ணு. எல்லாம் செவ்வாய், வியாழன்."

"இது செவ்வாய் இல்லீங்கக்கா." கிருத்திகா ஒரு வரியைக் காட்டினாள். ஜூலை பன்னிரண்டு, ஞாயிறு, மாலை ஆறு மணி. 'இனி யாருக்காவ இருக்கறது, போய்ச் சேந்தாத் தேவலை.' "அன்னைக்கு வர்றன்னு சொல்லிட்டு நான் வரல. கம்பெனில ஷிப்மெண்ட் இருந்துச்சு."

சுகன்யா குனிந்து அந்த வரியைப் படித்தாள்.

"நாலஞ்சு ஞாயித்துக்கெழமை இருக்குதுங்கக்கா. எல்லாம் நான் வராத ஞாயிறு. இத்தன தடவ சொல்லியிருக்காரு. நான் ஒரு தடவகூடக் கேக்கல. போன்ல எப்பக் கேட்டாலும் 'நல்லா இருக்கறன் சாமி'ம்பாரு. மெஷினுக்காவது காது குடுக்கத் தெரிஞ்சிருக்குதுங்க."

"அது வேற கண்ணு. அதுவும் சும்மாதான். வராத புள்ளயப் பத்திச் சொல்ற வருத்தம். வந்துட்டீன்னா போயிரும்."

"உங்களுக்கு எப்படிங்கக்கா தெரியும்?"

பதினோரு வருஷம் தட்டு வைத்து எடுத்தவளுக்குத் தெரியும், அவ்வளவுதான். அதற்கும் கட்டம் கிடையாது.

ஒரு மணிக்கு அவரை எழுப்பினார்கள். முதுகுக்குத் தலையணை வைத்து நிமிர்த்தினார்கள். சென்னியப்பன் மகளைப் பார்த்தார். சாதா மாஸ்க்குக்கு உள்ளே அவர் வாய் சிரித்தது.

"வேலைய உட்டுப்போட்டு வந்துட்டயா சாமி?"

கிருத்திகா பதில் சொல்லவில்லை, சொல்லக் கூடாது. தலையை மட்டும் ஆட்டினாள். கூரையிலிருந்த வட்டில் நீல விளக்கு எரிந்தது. செய்தி வாசிக்கிறவர் மாதிரி ஒரு பெண் குரல் பேசியது.

"திரு. சென்னியப்பன் அவர்களே, உங்களுக்கு உயிர்நீட்டிப்பு சிகிச்சை வேண்டுமா?"

அவர் குரல் வந்த திசையைப் பார்த்தார். யாரோ பெரிய இடத்து அம்மா, மரியாதையாகக் கேட்கிறார். இந்தப் பக்கத்து மனுஷனிடம், அதுவும் அவர் வயசுக்காரரிடம், வேண்டுமா என்று கேட்டால் எடுத்தவுடன் வேண்டும் என்று எந்தக் காலத்தில் சொல்லியிருக்கிறார்? விருந்தாடியாகப் போன வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால், கையைக் கழுவிக்கொண்டே 'எதுக்குங்க சிரமம்' என்பார். இரண்டாம் தரம் கூப்பிட்டால் 'இப்பத்தான் சாப்புட்டமுங்க' என்பார். மூன்றாம் தரம் கையைப் பிடித்து இழுத்தால்தான் இலையில் உட்காருவார். ஒரே வார்த்தையில் வேண்டும் என்பவனை அவர்கள் அல்பம் என்பார்கள்.

"எதுக்குங்க..." என்றார் சென்னியப்பன், மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. "எல்லாருக்கும்... சிரமம்."

"நன்றி. மறுப்பு ஒருமுறை பதிவானது," என்றது குரல்.

சுகன்யா நகம் பதியும்படி உள்ளங்கையை மூடிக்கொண்டாள். மூன்றாம் தரம் கேள், பாவி, மூன்றாம் தரமும் கேள் என்று மனசுக்குள் கத்தினாள். ஏடு இரண்டு தரம்தான் கேட்கும்.

"உறுதியாகச் சொல்லுங்கள். சிகிச்சை வேண்டுமா, வேண்டாமா?"

சென்னியப்பன் மகளைப் பார்த்தார். அவள் அழுதுகொண்டிருந்தாள். பிறகு சுகன்யாவைப் பார்த்தார். அவள் முகத்தில் என்ன கண்டாரோ, ஏதோ தப்பு நடக்கிறது, தாம் ஏதோ சொல்லியாக வேண்டும் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். கண்ணில் அந்தப் பழைய குறும்பு வந்தது. பஸ் நின்றுபோய், டிரைவர் கண்ணாடியில் திரும்பிப் பார்த்து, கிளப்பட்டுமா என்று கேட்டால் கண்டக்டர் என்ன சொல்வாரோ அதைச் சொன்னார். மொத்த மூச்சையும் கூட்டிச் சொன்னார்.

"போலாம்... ரைட்."

"நன்றி," என்றது குரல். "உங்கள் விருப்பம் உறுதி செய்யப்பட்டது." நீல விளக்கு அணைந்தது.

டாக்டர் ஷர்மிளா சுவரோரம் திரும்பி நின்றுகொண்டாள். "அவரு கிளம்பலாம்னு சொன்னாருங்க," என்றாள் சுகன்யா. "வண்டிய எடுங்கன்னு சொன்னாருங்க டாக்டர். சிகிச்சைய ஆரம்பிங்கன்னு அர்த்தம். நீங்க பஸ்ஸுல போனதே இல்லீங்களா?" கிருத்திகா அப்பாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "சரிங்கப்பா, சரிங்கப்பா," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் என்ன புரிந்துகொண்டாள் என்பது அந்தச் 'சரி'யிலேயே தெரிந்தது.

ஒரே ஒரு நிமிஷம் சுகன்யாவுக்கும் சந்தேகம் வந்தது. ஒருவேளை அவர் நிஜமாகவே... அந்த நிமிஷத்துக்காக அவள் தன்னை அப்புறம் மன்னிக்கவே இல்லை.

மறுநாள் புதன்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்குச் சென்னியப்பன் இறந்துபோனார். வலி தெரியாமல், மூச்சுத் திணறாமல், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. எல்லாம் ஏட்டில் சொன்னபடியே நடந்தது. வெள்ளைச் சட்டையைச் சுகன்யா இஸ்திரி கலையாமல் கொண்டுவந்து கொடுத்தாள். அதைப் போட்டுத்தான் அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, மிகச் சரியாக மூன்றாவது வேலை நாள், அவள் கைப்பலகைக்குப் பதில் வந்தது.

'உங்கள் திருத்த விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டது. "சும்மா" என்னும் புதிய வகை ஏட்டில் சேர்க்க ஏற்கப்பட்டுள்ளது. இவ்வகையைக் கருவிக்குப் பயிற்றுவிக்க, உங்கள் இல்லத்திலிருந்து ஐம்பது எடுத்துக்காட்டுகளைச் சேகரித்து அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறோம். பழைய பதிவுகள் செல்லாது; புதியவையாக இருக்க வேண்டும்.'

சுகன்யா அதை நாலைந்து தரம் படித்தாள். தாமதமாக வந்ததற்கு அழுவதா, வந்ததே என்று நிம்மதிப்படுவதா என்று தெரியவில்லை. ஐம்பது வாக்கியம் என்ன பெரிய விஷயம். ஒரு உப்புமா நாள் போதும்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கே கைப்பலகையோடு கூடத்தில் போய் உட்கார்ந்தாள். சமையல்கார ருக்குமணியக்கா வாளியோடு வந்தார். சுகன்யா எழுதத் தயாரானாள்.

ஒன்றாம் கட்டில் அம்மாள், பல் இல்லாத வாயால் தினமும் எமனைக் கூப்பிடுகிறவர், தட்டைப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்த காதைப் பார்த்தார்.

"உப்புமா வேணுமுங்க," என்றார், ஒவ்வோர் எழுத்தாக. "நல்லா இருக்குது. இன்னும் வேணும்."

"எனக்கும் வேணும்," என்றார் இரண்டாம் கட்டில்காரர், தட்டைத் தொடாமலே.

"வேணுமுங்க."

"எனக்கு எல்லாமே வேணுமுங்க. மாத்தரையும் வேணும், ஊசியும் வேணும்."

ஏழாம் கட்டில் காலியாக இருந்தது. அதைத் தாண்டி எட்டு, ஒன்பது, பத்து என்று ருக்குமணியக்கா போய்க்கொண்டே இருந்தார். ஒருவர் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் சலித்துக்கொள்ளவில்லை. கண்டக்டர் எப்படிச் செத்தார் என்பது முப்பத்தோரு பேருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் சுவரைப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருகைப் பதிவுக்குச் சொல்வதுபோல உரக்கச் சொன்னார்கள். வாளி காலியானது. தட்டுகளில் உப்புமா குவிந்து, ஆறி, கட்டிதட்டிக் கிடந்தது. யாரும் தின்னவில்லை.

சுகன்யாவின் கைப்பலகையில் ஓர் எழுத்துக்கூட விழவில்லை. இனி விழாது என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ருக்குமணியக்கா அடியில் ஒட்டியிருந்ததை வழித்துக்கொண்டு அவள் பக்கம் வந்தார். "சிஸ்டர், மொகமே வாடிக் கெடக்குது. ஒரு வாய் வெக்கட்டுங்களா?"

'எதுக்குங்கக்கா' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சுவரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"வேணுமுங்க," என்றாள் சுகன்யா, அதற்குக் கேட்கும்படி.